கடைமடையில் நின்று அளக்க!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது தமிழ்மக்களின் பழமொழி. அளவின்றிக் கொள்ளாமலும் அளவின்றிக் கொடாமலும் வாழ்ந்த இனம் தமிழினம். முகத்தலளவைக்கு நாழியும் உரியும் உழக்கும் ஆழாக்கும், நீட்டலளவைக்குச் சாணும் முழமும் கோலும், நிறுத்தலளவைக்குக் குன்றியும் மஞ்சாடியும் கழஞ்சும் கண்டவர் தமிழர். எழுத்தொலியின் நீட்டத்தை அளக்க வந்த தொல்காப்பியமோ, வேறு கருவி தேடாமல், மாந்தன் கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையுமே மாத்திரைக்கு அளவாக வைத்தது. அளக்கப்படுவது எதுவாயினும் அளவு மாந்தனிடமிருந்து பிறக்கவேண்டும் என்பது அதனாற் பெறப்படும் உண்மை.

அத்தகைய மக்கள் இன்று விடியல்முதல் இரவுவரை கையிலேந்தி நிற்பது திறன்பேசி. பயணச்சீட்டு, வைப்பகக் கணக்கு, மருத்துவமனை முன்பதிவு, மின்கட்டணம், பள்ளிச் சேர்க்கை ஆகிய யாவும் அதனுள் வந்து புகுந்துவிட்டன. செயலிகள் என்றும் வலைத்தளங்கள் என்றும் வழங்கும் இவ்வெண்மப் பொருள்கள் நன்கு உழைக்கின்றனவா என்பதை அளப்பதற்கென்றே உலகில் ஒரு துறை வளர்ந்துள்ளது. பயன்படுத்துவோரின் பட்டறிவை அளந்து பொருளின் தகுதியை உரைக்கும் துறை அது. அவ்வளவையில் தமிழன் எங்கே நிற்கின்றான்? அவனை அளக்கின்றவர் யார்? எம்மொழியில் அளக்கின்றனர்? இவ்வினாக்களைத் தமிழன்பர் எழுப்பியே ஆகவேண்டும். ஏனெனில், அளவையில் இடம்பெறாதவன் நாளடைவில் ஆட்சியிலும் இடம்பெறாது போவான்.

பொத்தேரியும் ஏரிக்கணக்கும்

சென்னைக் கடற்கரையினின்று செங்கற்பட்டுக்குச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டித் தடத்தில், கூடுவாஞ்சேரிக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடைப்பட்டது பொத்தேரி. அதனருகே செல்வது சென்னை–திருச்சி நெடுஞ்சாலை. 1985-இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி, 2002-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகிய எசு.ஆர்.எம். நிறுவனம் அங்கே வளர்ந்து நிற்கின்றது. பன்மொழி பேசும் இளையோர் ஆயிரக்கணக்கில் அங்குக் கணினிப் பொறியியல் கற்கின்றனர். நாளைய செயலிகளை எழுதப்போகின்றவர் அவர்கள். அதே தொடர்வண்டியில்தான் தொழிற்பேட்டைக்குப் போகும் உழைப்பாளியும், கூடை சுமந்து செல்லும் மூதாட்டியும், சுற்றுச் சிற்றூர்களினின்று பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிவரும் தாயும் ஏறி இறங்குகின்றனர். செயலியைச் செய்யப்போகின்றவனும், அச்செயலியைப் பயன்படுத்தியே ஆகவேண்டியவளும் ஒரே நடைமேடையில் நிற்கும் ஊர் பொத்தேரி.

அங்கிருந்து தெற்கே இரண்டாம் நிலையம் மறைமலை நகர். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளாரின் பெயர் தாங்கிய நகர் அது. கணினி கற்பிக்கும் பொத்தேரிக்கும் தமிழ்காத்த அடிகளார் பெயர்பெற்ற நகருக்கும் இடையே உள்ளது ஒரே ஒரு நிலையந்தான். ஆயினும் கணினித்துறைக்கும் தமிழுக்கும் இடையே இன்றுள்ள தொலைவு அத்துணைக் குறுகியதன்று.

செங்கற்பட்டு ஏரிகள் மலிந்த நிலம். பொத்தேரி என்னும் பெயரின் ஈற்றிலேயே ஏரி இருக்கின்றது. ஏரிப்பாசனம் அறிந்த உழவனை வினவினால் அளவையின் அடிப்படையை அவன் ஒரே சொல்லில் உரைப்பான். கரைமேல் நின்று பார்ப்பவனுக்கு ஏரி நிறைந்திருக்கும். மதகடி வயலுக்கு உரியவனும் நீர் வந்தது என்பான். ஆனால், பாசனம் நன்று என்று சொல்லத் தகுந்தவன் கடைமடை வயலுக்கு உரியவன் ஒருவனே. கடைமடைக்கு நீர் எட்டவில்லையேல், ஏரியில் எத்துணை அடி நீர் நின்றாலும் அப்பாசனம் பழுதுடையது. எண்மப் பொருள்களை அளப்போர் இவ்வொரு பாடத்தைக் கற்றாலே போதும். இன்று அவர்கள் பெரும்பாலும் கரைமேல் நின்றே அளந்துகொண்டிருக்கின்றனர்.

உலகோர் கண்ட அளவைகள்

மேலைநாட்டார் இத்துறையில் கண்டவற்றைத் தமிழர் தள்ளிவிடல் வேண்டா. அவற்றுட் கொள்ளத்தக்கன பல உள.

பன்னாட்டுச் செந்தர நிறுவனம் 1998-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய 9241-11 என்னும் செந்தரம், பயன்பாட்டுத் தகுதிக்கு மூன்று கூறுகளை வகுத்துள்ளது. எண்ணிய வினையைப் பயனர் முடித்தாரா என்பது ஒன்று. அதற்கு எத்துணைப் பொழுதும் உழைப்பும் செலவாயின என்பது இரண்டு. முடிவில் அவர் மனம் நிறைந்ததா என்பது மூன்று. எளிய மூன்று வினாக்கள். எனினும் ஒரு செயலியின் முழுத் தகுதியும் இவற்றுள் அடங்கிவிடும்.

கணினி நிறுவனமொன்றில் பணியாற்றிய சான் புரூக்கு என்னும் ஆங்கிலேயர் 1986-இல் பத்துக் கூற்றுகளைக்கொண்ட ஒரு வினாத்தாளை அமைத்தார். ஒவ்வொரு கூற்றிற்கும் உடன்பாடு, மறுப்பு என ஐந்து படிகள். விடைகளைக் கூட்டிக் கணக்கிட்டால் 0-இலிருந்து 100-க்குள் ஒரு மதிப்பெண் கிடைக்கும். இன்றளவும் உலகெங்கும் மிகுதியாக வழங்கும் வினாத்தாள் அதுவே.

யாக்கோபு நீல்சன் என்னும் வல்லுநர் 1993-இல் விளக்கிய கால எல்லைகளும் பெயர்பெற்றவை. நொடியில் பத்திலொரு பங்கிற்குள் கருவி மறுமொழி தந்தால், உடனே நடந்ததாக மாந்தன் உணர்வான். ஒரு நொடி கடந்தால் எண்ண ஓட்டம் அறுபடத் தொடங்கும். பத்து நொடி கடந்தால் மனம் வேறொன்றிற்குப் போய்விடும். கண்ணிமையாலும் கைந்நொடியாலும் காலத்தை அளந்த தமிழருக்கு இக்கருத்து அயலானதன்று. தொல்காப்பியர் கணினி கண்டார் என்று தற்பெருமை பேசுதற்கு இஃது இடமாகாது. மாந்தனின் புலனையே அளவாகக் கொள்ளும் முறை இம்மண்ணில் வேரூன்றியிருந்தது என்ற அளவில் உணர்ந்தாற் போதும்.

2010-இல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர் மூவர் ஐந்து கூறுகளை வகுத்துக் காட்டினர். பயனரின் மகிழ்வு, ஈடுபாடு, புதியவர் ஏற்பு, ஏற்றவர் நிலைப்பு, வினைமுடிவு என்பன அவை. 2020-இல் அதே நிறுவனம் வலைப்பக்கங்களின் தகுதிக்கு மூன்று அளவுகளை அறிவித்தது. இன்றைய நிலையில், பக்கத்தின் முதன்மைப் பகுதி இரண்டரை நொடிக்குள் தோன்றவேண்டும். தொட்டவுடன் ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கிற்குள் மறுமொழி வேண்டும். படித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் இடம்பெயர்ந்து குதித்தல் கூடாது.

இவை யாவும் நல்ல கருவிகளே. ஆயின், நல்ல நாழியையும் குறையாக அளப்பவன் கையில் கொடுத்தால் அது குறைநாழியே ஆகும்.

அளவையுள் மறையும் குறைகள்

முதற்குறை: உள்ளே வந்தவரை மட்டுமே எண்ணுவது. செயலியுட் புகுந்து, அடுத்தடுத்த திரைகளைக் கடந்தவரின் ஒவ்வொரு தொடுகையும் கணக்கில் ஏறும். முதல்திரையிலேயே ஒன்றும் விளங்காமல் கைப்பேசியை மடியில் செருகிக்கொண்டு சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்ற மூதாட்டி எந்தக் கணக்கில் ஏறுவாள்? அவள் செயலியை இறக்கவே இல்லையாயின், அவள் பிறக்கவே இல்லை என்றுதான் அந்தக் கணக்கு சொல்லும். வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்டவரை விட்டுவிட்டு, உள்ளே அமர்ந்து உண்டவரிடம் மட்டும் விருந்து எப்படி என்று கேட்பது போன்றது இது.

இரண்டாங்குறை: ஓரெண்ணுக்கு ஒரே பொருள் கொள்வது. பயனர் ஒரு செயலியில் நெடும்பொழுது செலவிட்டார் என்றால் அவர் மிக ஈடுபட்டார் என்று வணிகர் மகிழ்வர். நூல்படிக்கும் செயலியாயின் அது பொருந்தலாம். பயணச்சீட்டுச் செயலியில் ஒருவர் ஏழு மணித்துளி இருந்தார் எனில், அது ஈடுபாடாகுமா? வழிதெரியாமல் அலைந்தார் என்பதன்றோ அதன் பொருள்! வண்டி வந்து நிற்கும்போது ஒவ்வொரு நொடியும் அவருக்கு நெஞ்சிடிப்பு. எண்ணுக்குப் பொருள் தருவது வினையின் இயல்பேயன்றி எண்ணின் பருமையன்று.

மூன்றாங்குறை: கடைமடையை விலக்கி எண்ணுவது. மேற்கூறிய வலைப்பக்க அளவில், நூறு வருகைகளில் எழுபத்தைந்து வருகைகள் எல்லைக்குள் அமைந்தால் அப்பக்கம் நன்று எனப்படும். எஞ்சிய இருபத்தைந்தும் எத்துணைத் தாழ்ந்திருப்பினும் தீர்ப்பு மாறாது. பழைய கருவியும் நலிந்த அலைவரிசையும் உடையவர் அந்த இருபத்தைந்துள் வீழ்தலே இயல்பு. முக்காற்பங்கு வயலுக்கு நீர் பாய்ந்தால் ஏரி நன்று என்று எழுதிவிடலாம். கடைமடையில் கருகும் பயிருக்கு யார் விடைசொல்வது?

நான்காங்குறை: அளவையே இலக்காகிவிடுவது. ஓர் அளவை இலக்காக்கப்பட்டால் அது நல்லளவையாக நில்லாது என்னும் கருத்தினை 1975-இல் பிரித்தானியப் பொருளியல் அறிஞர் சார்லசு குட்டார்ட்டு உணர்த்தினார். பதிவிறக்க எண்ணிக்கையைப் பெருக்குவதே இலக்கெனின், மக்களை நெருக்கி இறக்கச் செய்வர். இறக்கியவர் பயன்படுத்தினாரா என்று பாரார்.

ஐந்தாங்குறையே தமிழருக்குப் பெரியது. வினாத்தாளின் மொழி தமிழன்று. புரூக்கின் பத்துக் கூற்றுகளுள் எட்டாவதில் வரும் ஓர் ஆங்கிலச் சொல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார்க்கு விளங்கவில்லை என்று 2006-இல் பின்சுடாடு என்னும் ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். கருவி எளிதா என்று கேட்க வந்த வினாவே எளிதாக இல்லை! விளங்காத வினாவிற்கு வந்த விடையையும் கூட்டிப் பெருக்கி மதிப்பெண் ஆக்குவது எவ்வகை அறிவு?

மொழியைப் பெயர்த்தால் மட்டும் இக்குறை தீர்ந்துவிடாது. முகத்துக்கு நேரே ஒன்றைப் பழித்துரைக்கக் கூசுவது தமிழ்மக்களின் இயல்பு. எப்படி இருக்கின்றது என்று கேட்டால், ஏதோ ஓடுகிறது என்பார். பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர் என்று வற்புறுத்தினால், கேட்டவர் மனம் நோகாதபடி எட்டு என்பார். அந்த எட்டினுள் அவர் பட்ட தொல்லை ஒன்றும் தெரியாது. ஆகலின், தமிழரை அளக்கத் தமிழரின் மொழியும் வேண்டும், தமிழரின் உளமறிந்த முறையும் வேண்டும். விடையைக் கேட்பதினும் வினையைப் பார்ப்பதே தக்கது.

உயிரோடு விளையாடிய அளவை

இஃது ஏட்டுச்சிக்கல் என்று எண்ணுவார்க்கு 2021-ஆம் ஆண்டு ஒரு பாடம். கொரோனாக் கொடுநோய் பரவிய அவ்வாண்டு, தடுப்பூசிக்கான பதிவினைக் 'கோவின்' என்னும் வலைத்தளத்தில் செய்யுமாறு இந்திய அரசு ஏற்பாடு செய்தது. 18 முதல் 44 அகவையினர்க்கு ஏப்பிரல் 28-ஆம் நாள் பதிவு திறக்கப்பட்டபோது, முதல்நாளிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர் என்று பெருமையாக அறிவிக்கப்பட்டது. பதிந்தவர் எண்ணிக்கை என்னும் அளவைப்படி அது மாபெரும் வெற்றி. ஆனால், அத்தளம் அப்போது மாநில மொழிகளில் இல்லை. ஆங்கிலம் அறியாதவர், திறன்பேசி இல்லாதவர், கண்பார்வை அற்றவர் எத்துணைப் பேர் வாயிலில் நின்று திரும்பினர் என்பதை அந்த ஒருகோடி சொல்லவில்லை. மே 31-ஆம் நாள் உச்சநயன்மன்றம் இவ்வெண்மப் பிளவினைச் சுட்டிக்காட்டி, இணையப் பதிவு ஒன்றையே நம்பினால் அனைவர்க்கும் தடுப்பூசி என்னும் குறிக்கோள் நிறைவேறாது என்று வினா எழுப்பியது.

சூன் முதற்கிழமையில் மாநில மொழிகள் சேர்க்கப்பட்டன. அப்போதும் அப்பட்டியலில் தமிழ் இல்லை! தமிழ்நாட்டிலிருந்து குரல் எழுந்த பின்னரே தமிழ் சேர்க்கப்பட்டது. நோய் தமிழனைத் தேடிவரக் காலம் தாழ்த்தவில்லை. தடுப்பூசித் தளத்தின் தமிழ்தான் தாழ்த்தி வந்தது. தமிழில் பதிந்து முடித்தவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற அளவை தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருந்தால், அந்தச் சுழியம் முதல்நாளே கண்ணில் உறுத்தியிருக்கும்.

2024 நவம்பர் 19-ஆம் நாள் மற்றொன்று நேர்ந்தது. இந்திய ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் வலைத்தளம் திடுமென இந்தியில் தோன்றியது. மொழியை மாற்றும் இடமும் இந்தியிலேயே எழுதப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் உள்ளிட்டோர் கண்டித்தனர். தொழில்நுட்பக் கோளாறு என்று நிறுவனம் விளக்கி அன்றே மாற்றியது. கோளாறாகவே இருக்கட்டும். அக்கோளாற்றின்போதும் அத்தளத்தின் விரைவளவை குன்றியிருக்காது. பக்கம் இரண்டரை நொடியில் தோன்றியிருக்கும், தொட்டவுடன் மறுமொழியும் வந்திருக்கும். எந்திர அளவைகள் யாவும் நன்று என்றே காட்டியிருக்கும். தமிழனுக்கோ அப்பக்கம் மூடிய கதவு! மொழியை அளக்காத அளவை எத்துணைக் குருடானது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொடர்வண்டித் துறையின் முன்பதிவுத் தளம் 2002-இல் தொடங்கியது. நெடுங்காலம் அது ஆங்கிலத்திலும் இந்தியிலுமே இயங்கியது. பன்மொழி இடைமுகம் அமைக்கப்படும் என்னும் அறிவிப்பு 2025-இல்தான் வந்தது. நாள்தோறும் இலக்கக்கணக்கில் சீட்டுகள் விற்கின்றன, ஆகவே தளம் நன்று என்றே இடைப்பட்ட காலமெல்லாம் கணக்குக் காட்டப்பட்டது. சீட்டு வாங்கியவர் தாமே வாங்கினாரா, அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கெஞ்சி வாங்கினாரா, இடைத்தரகருக்குக் கைக்காசு கொடுத்து வாங்கினாரா என்பதை விற்பனைக் கணக்கு பிரித்துக் காட்டாது.

தமிழைத் தேடுவார் இல்லையாம்!

தமிழில் ஏன் செய்யவில்லை என்று கேட்டால் நிறுவனத்தார் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு. தமிழைத் தேர்ந்தெடுப்போர் மிகச் சிலரே என்பர். அளந்து பார்த்துச் சொல்கின்றோம் என்றும் சேர்த்துரைப்பர். அந்த அளவையை உடைத்துப் பார்க்கவேண்டும்.

செயலியைத் திறந்தவுடன் வருவது ஆங்கிலம். தமிழுக்கு மாறும் இடமோ மூன்று திரைகளுக்கு அப்பால், அதுவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தமிழ் தெரிந்தவன் தமிழுக்கு வர ஆங்கிலம் கற்றுவரவேண்டும்! தப்பித் தவறி வந்தாலும், பாதித் திரை தமிழிலும் மீதித் திரை ஆங்கிலத்திலும் இருக்கும். முன்பதிவு செய்க என்னும் பொருளில் வரும் ஆங்கிலச் சொல்லை நூல் என்றும், முகப்புப் பக்கத்தை வீடு என்றும் எந்திரம் பெயர்த்து வைத்தால், எந்தத் தமிழன் அங்கே தங்குவான்? ஆங்கிலத்திற்கே திரும்பி ஓடுவான். ஓடியவனைக் கணக்கெடுத்து, பார்த்தீரா, தமிழனே தமிழை விரும்பவில்லை என்பர். கடைமடைக் கால்வாயைத் தூர்த்துவிட்டு, அவ்வயலுக்கு நீர் வேட்கையே இல்லை என்று எழுதும் கணக்கு இது.

உண்மை வேறு. கே.பி.எம்.சி. நிறுவனமும் கூகுளும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016-இல் இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்தியோர் 23.4 கோடி. ஆங்கிலத்தில் பயன்படுத்தியோர் 17.5 கோடி. இந்திய மொழிகளுள் இணையத்தை ஏற்றுக்கொண்ட அளவில் 42 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றது தமிழே. பத்தாண்டுக்கு முன்னரே நிலை இது. தமிழைத் தேடுவார் உளர். தேடும் இடத்தில் தமிழை வைப்பாரே இலர்.

எழுத்துக்கும் குறைநாழி

கணினியின் அடித்தளத்திலும் ஒரு குறைநாழி கிடக்கின்றது. தமிழ் என்னும் சொல்லில் எழுத்து மூன்று. ஒருங்குறி முறையில் அஃது ஐந்து குறிகள். இணையத்தில் பெரிதும் வழங்கும் முறையில் சேமித்தால் பதினைந்து எண்பிட்டுகள். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஐந்து எண்பிட்டுகளே போதும். ஒரு படிவத்தில் பெயருக்குப் பத்தெழுத்து என்று எல்லை வைத்தால், எட்டே எழுத்துடைய திருநாவுக்கரசு என்னும் பெயர் அதனுள் அடங்காது. கணினி அதனைப் பதினான்கு என்று எண்ணும். தன் பெயரைக்கூட முழுமையாக எழுதவிடாத படிவத்தில் தமிழனின் மனநிறைவை அளப்பதெங்கே?

குறுஞ்செய்தியும் அத்தகையதே. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழில் 70 குறிகளே கொள்ளும். ஆங்கிலத்தில் ஒரு செய்தியில் அடங்கும் வைப்பக எச்சரிக்கை தமிழில் இரண்டு மூன்றாகப் பெருகும். செலவு கூடும் என்று தமிழை நிறுத்துவர். ஏமாற்றுக்காரனிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்னும் செய்தி ஏமாறுவார்க்கு விளங்காத மொழியில் போய்ச் சேரும். செய்தி சென்றடைந்தது என்னும் அளவை மட்டும் நூற்றுக்கு நூறு காட்டும்!

இந்நிலை மாற்றற்கரியதன்று. 1999 பிப்பிரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டில் பல நாட்டுத் தமிழ்க் கணினியறிஞர் கலந்தாய்ந்தனர். அதன் வழியே பிறந்தது தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைப் புறமும் மெய்யெழுத்துகள் பெரிதும் வலக்கைப் புறமும் அமைய, உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 விசைகளைக்கொண்டு 247 எழுத்துகளையும் எழுதிவிடும் அமைப்பு அது. மெய் இரட்டிக்கும் இடத்தில் புள்ளியைத் தானே இட்டுக்கொள்ளும். எழுதுகின்றவன் கைக்கு எத்துணை உழைப்பு மிஞ்சும் என்பதை எண்ணி, தமிழின் இலக்கண அமைப்பையே அடிப்படையாக்கிச் செய்த பணி அது. அயலார் அளந்து கொடுக்கக் காத்திராமல் தமிழர் தாமே அளந்துகொண்டதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

தனித்தமிழர்க்கும் ஓர் அளவை

பிறரை அளக்கக் கிளம்பும் தனித்தமிழன்பர் தம் சொற்களையும் அதே தட்டில் நிறுக்க அஞ்சலாகாது. செயலியின் திரையில் வரும் சொல் அகரமுதலியில் உறங்கும் சொல்லன்று. வண்டி வரும் ஓசை கேட்டபின் ஒருத்தி அரை நொடியில் கண்டு தொடவேண்டிய சொல் அது.

அத்தட்டில் தனித்தமிழ் தோற்காது. 'சமர்ப்பிக்கவும்' என்னும் வடசொல்லையும் அனுப்புக என்னும் தமிழ்ச்சொல்லையும் இரு திரைகளில் வைத்து, எழுத்தறிவு குறைந்த பத்துப் பேரைத் தொடச் சொல்லிப் பார்க்கட்டும். எச்சொல் விரைந்து விளங்குகின்றது என்பது கைந்நொடிப் பொழுதில் தெரிந்துவிடும். இணையம், மின்னஞ்சல், கைப்பேசி, கடவுச்சொல் ஆகியன எவர் ஆணையாலும் நிலைக்கவில்லை. மக்கள் ஏற்றனர், ஏற்றதை விடாது பிடித்தனர். ஏற்பும் நிலைப்பும் என்று கூகுளார் 2010-இல் வகுத்த கூறுகள் சொல்லாக்கத்திற்கும் பொருந்துவனவே.

ஆனால், புதிதாக ஆக்கிய ஒரு சொல்லைக் கண்டு பத்தில் ஆறுபேர் விரல் தயங்கி நின்றால், அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அச்சொல்லை மாற்றி வேறொரு நல்ல தமிழ்ச்சொல்லை நாடவேண்டும். தமிழ்ச்சொல் வளம் வற்றிய கிணறன்று, ஒன்று பொருந்தாவிடின் ஒன்பது கிடைக்கும். பயன்படுத்துவார் விரலைத் தயங்கவைக்கும் அருஞ்சொல், அயற்சொல் திரும்பி வருவதற்கு வாயில் திறந்துவிடும். இதனை உணர்ந்து சொல்லாக்குவோரே தமிழுக்கு அரண் செய்வோர்.

ஐவர் போதும், ஒரு மாலை போதும்

இவ்வளவையை எடுக்கப் பெரும்பொருள் வேண்டா, ஆய்வுக்கூடமும் வேண்டா. ஒரு வடிவமைப்பின் பெரும்பாலான குறைகளைக் கண்டறிய ஐந்து பயனரை வைத்து ஆய்ந்தாலே போதும் என்பது நீல்சன் காட்டிய வழி. நூற்றுக்கு எத்தனைபேர் என்னும் கணக்கிற்கு ஐவர் போதார். ஆனால், எங்கே இடறுகின்றனர் என்பதைக் காண ஐவர் போதும்.

பொத்தேரி நிலையத்திலேயே தொடங்கலாம். 2015-இல் எழும்பூர்–தாம்பரம் தடத்தில் தாளில்லாப் பயணச்சீட்டுச் செயலி வந்தது. 2025 சூலை முதல்நாள் தொடர்வண்டித்துறை 'இரயில் ஒன்' செயலியை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் பேருந்து, மெட்ரோ, புறநகர்த் தொடர்வண்டி ஆகியவற்றை இணைக்கும் 'சென்னை ஒன்று' செயலியைத் தமிழ்நாட்டு அரசு தொடங்கியது. இவற்றுள் எதனையேனும் எடுத்துக்கொண்டு, முன்பின் பயன்படுத்தாத ஐவரிடம், பொத்தேரியிலிருந்து தாம்பரத்திற்கு ஒரு சீட்டு எடுங்கள் என்று மட்டும் சொல்லவேண்டும். வேறொன்றும் சொல்லிக்கொடுத்தல் ஆகாது. அருகிருந்து நான்கே செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தமிழ்த்திரையை அவர் எத்தனையாவது தொடுகையில் கண்டார்? சீட்டு கைக்கு வந்ததா? எத்தனை நொடி ஆயிற்று? எந்தச் சொல்லில் விரல் நின்றது? இந்நான்கும் கிடைத்துவிட்டால், அவர் பத்துக்கு எட்டு என்று முகமன் கூறினாலும் உண்மை மறையாது.

அங்கே கணினி பயிலும் தமிழ் மாணவர்க்கு இஃதொரு நல்ல கடமை. இறுதியாண்டுத் திட்டப்பணிக்குப் பொருள்தேடி அலைவோர், தம் கல்விநிலையத்தின் வாயிலிலேயே உள்ள இப்பொருளைக் கைக்கொள்ளலாம். பிறமொழி மாணவரையும் உடன் சேர்த்துக்கொள்ளலாம். ஒருமொழியினர் வாயிலில் நின்று திரும்பும் காட்சியை நேரிற் கண்டவன், நாளை எந்த நாட்டில் எச்செயலியை எழுதினாலும் அதனை மறக்கமாட்டான். கண்டவற்றைத் தாளில் எழுதி, நாளும் இடமும் குறித்து உரிய துறைக்கு விடுக்கவேண்டும். வெறுங்கண்டனத்தைப் புறந்தள்ளும் அலுவலகமும், ஐவரில் நால்வர்க்கு இத்திரையில் வினை முடியவில்லை என்று எழுதிக் காட்டினால் எளிதில் தள்ளமாட்டாது.

அரசும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். தமிழ்நாட்டில் தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் தாளில் எழுதிய ஆட்சிக்கு மட்டும் உரியதாக நின்றுவிடலாகாது. இன்று ஆட்சி நடப்பது திரையில். மக்கட்பணிக்கென ஆக்கப்படும் எந்தச் செயலிக்கும் பணம் வழங்குமுன், தமிழ்த்திரையில் தமிழ்மக்களை வைத்து ஆய்ந்த அளவு கேட்கப்படவேண்டும். பதிவிறக்கம் இத்தனை என்னும் எண்ணுக்கு அருகே, தமிழில் வினைமுடித்தார் இத்தனை, முடியாமல் திரும்பினார் இத்தனை என்னும் எண்களும் மக்கள்முன் வைக்கப்படவேண்டும். தமிழே முதல்திரையாக வரவேண்டும், விரும்பினோர் பிறமொழிக்கு மாறிக்கொள்ளட்டும்.

தமிழரும் தம் கையிலுள்ள கருவியைத் தமிழுக்கு மாற்றுதல் வேண்டும். தமிழ்த்திரையில் வைக்கும் ஒவ்வொரு தொடுகையும் நிறுவனத்தாரின் கணக்கில் ஒரு வாக்கு. குறைகண்டு ஆங்கிலத்திற்கு ஓடினால் அவ்வாக்கு தமிழுக்கு எதிராக விழும். அங்கேயே நின்று குறையை எழுதியனுப்பினால் அது தமிழுக்கு அரணாகும்.

மறைமலையடிகள் 1916-இல் தம் எழுத்தையே அளந்து பார்த்து, அதிற் கலந்திருந்த அயற்சொற்களை நீக்கத் தொடங்கினார். தம்மையே அளந்துகொண்ட ஒருவரால் ஓர் இயக்கம் பிறந்தது. அவர் பெயர் தாங்கிய நகருக்கு இரண்டு நிலையம் வடக்கே, பொத்தேரி நடைமேடையில், ஒரு மூதாட்டி தமிழில் தொட்டுத் தமிழில் படித்துத் தன் சீட்டைத் தானே எடுத்து வண்டியேறும் நாளே இவ்வளவை நிறைவுறும் நாள். அந்நாள் வரை, கரைமேல் நின்று நீர்மட்டம் சொல்வாரின் எண்களைத் தமிழர் நம்பற்க. கடைமடைக்கு நடந்து செல்க, அங்கே நின்று அளக்க!